நீலம் தொண்ணூறு

2025 ஜனவரி 11, சனி

புரொஜெக்டர் வந்து சேர்ந்தது. ஹுமைத் சொன்ன நேரம் காலை ஒன்பது. வந்தது ஒன்றரைக்கு. வழியில் ரெண்டு இடத்தில் நின்று டீ குடித்தானாம். கேட்டால் சிரிக்கிறான். பதுளையில் பழைய சாமான் வாங்கி விற்கிறவனிடம் நேரம் எதிர்பார்த்தது என் தப்பு.

பண்டாரவளையில் மூடிப்போன ஒரு ஹோட்டலின் கூட்ட மண்டபத்தில் தொங்கிக்கொண்டிருந்த சாமான் இது. முன்னால் மூன்று பெரிய லென்ஸ், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பிக்சர் டியூப். சிவப்பு, பச்சை, நீலம். இப்போது கடையில் விற்கிறதெல்லாம் ஒற்றை லென்ஸ். சுவிட்சைப் போட்டால் படம் வந்துவிடும். இது அப்படியில்லை. மூன்று டியூப்பும் தனித்தனியாக மூன்று படம் போடும். மூன்றையும் சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாக, இம்மி பிசகாமல் உட்கார வைப்பது நம் வேலை. அந்த வேலைக்காகத்தான் வாங்கினேன். ரிட்டயர் ஆகி ஒன்றரை வருஷம். சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

எழுபது கிலோ. நாலு பேர் தூக்கி, கதவு நிலையில் ஒருமுறை இடித்து, விதுர்ஷாவின் அறையில் வைத்தோம். மகள் கல்யாணம் கட்டி கொழும்புக்குப் போனபின் அந்த அறை ஜெயலெட்சுமியின் வெங்காயக் கிடங்கு. வெங்காயம் வெளியே, புரொஜெக்டர் உள்ளே. "இது படம் காட்டுமா, மாவு அரைக்குமா?" என்று கேட்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த வாய் குறையவில்லை.

ஜனவரி 13

விதுர்ஷா பிரிண்ட் எடுத்து அனுப்பிய கையேடு இருநூற்றுப் பத்துப் பக்கம். முதல் பாடமே பிடித்துவிட்டது: சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம் ஒன்றையும் தொடாதே. டியூப் சூடாகும்வரை கோடுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் சரிசெய்தால் அது பொய்யான சரி.

சரியான பேச்சு. எங்கள் தேயிலை ஃபாக்டரியில், தோட்டத்து ஸ்டோரில், அடுப்பு சூடேறாமல் நான் ஒருநாளும் தேயிலையை உள்ளே விட்டதில்லை.

இன்று அளவு மட்டும். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. படத்தின் அகலம் ஏழடி. நடுவில் நூல் கட்டி, குண்டு தொங்கவிட்டு, பச்சை லென்ஸை அந்த நூலுக்கு நேராக வைத்தேன். நடு லென்ஸ் அதுதான். பிடரி வலிக்கிறது.

ஜனவரி 16

பச்சை முடிந்தது.

மெஷினுக்குள்ளேயே ஒரு கட்டம் இருக்கிறது, கணக்குக் கொப்பியின் கட்டம் மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோடு. சிவப்பையும் நீலத்தையும் மூடிவிட்டு, பச்சைக் கட்டத்தை மட்டும் சுவரில் போட்டு, வளைந்த கோட்டை நேராக்க வேண்டும். மேல் மூலையை இழுத்தால் கீழ் மூலை கோவித்துக்கொள்கிறது. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். பொங்கலன்றும் விடவில்லை. ஜெயலெட்சுமி பொங்கலை இலையில் போட்டு அறைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 20

சிவப்பைப் பச்சையின்மேல் ஏற்றினேன். இரண்டும் சரியாகப் பொருந்தினால் கோடு மஞ்சளாகிவிடும். பொருந்தாத இடத்தில் ஓரத்தில் சிவப்பு எட்டிப்பார்க்கும். பின்னேரம் நாலு மணிக்கு முழுச் சுவரும் மஞ்சள்.

ஜெயலெட்சுமி வந்து பார்த்துவிட்டு, "இடது பக்கம் கீழ சிவப்பு கொஞ்சம் வெலகி இருக்குங்களே" என்றாள்.

"ஒனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

முப்பத்திநாலு வருஷம் தேயிலையின் நிறம் பார்த்துச் சம்பளம் வாங்கின கண் இது. டீமேக்கர் கண். இவள் வந்து சொல்லித் தரப் போகிறாளா எனக்கு?

ஜனவரி 24

நீலம் சரியில்லை. டியூப் தேய்ந்துபோயிருக்கிறது. கோடு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூன்றும் சேர்ந்தால் வெள்ளையாக வர வேண்டும்; எனக்கு வருவது பழைய காகித நிறம். நீலத்தின் அளவை ஐம்பதிலிருந்து எழுபதாக்கினேன். போதவில்லை. எண்பது. தொண்ணூறில்தான் வெள்ளை வெள்ளையாக வந்தது.

ஹுமைத்துக்கு போன் போட்டு, வேறு நீல டியூப் தேடச் சொன்னேன். "நான் போட்டுப் பாத்தப்ப நல்லாத்தானே இருந்திச்சு ஐயா" என்கிறான். வியாபாரி வேறு என்ன சொல்வான்.

பிப்ரவரி 2

இன்று முதல் காட்சி. ஹுமைத் தன் வீட்டுக்காரி ஹம்ஸியாவையும் பிள்ளைகளையும் கூட்டிவந்தான். டிவிடியில் ஒரு கல்யாணச் சினிமாப் படம் போட்டேன். கோடு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. மணப்பெண்ணின் சேலை இழையை எண்ணலாம்.

ஹம்ஸியா மெதுவாக, "ஏன் எல்லாரும் மையத்து மாதிரி நீலம் பூத்துப்போய் இருக்காங்க?" என்றாள். பிணத்தை அவர்கள் மையத்து என்பார்கள். பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தன. ஜெயலெட்சுமியும் சேர்ந்துகொண்டாள்: "நானும் அதத்தான் சொல்ல இருந்தேன். சொட்டு நீலத்துல ரெண்டு நாள் ஊறப்போட்ட வேட்டி மாதிரி இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மெஷினை அணைத்துவிட்டேன். வந்தவர்களுக்கு முறுக்கைக் கொடுத்து அனுப்பிவைத்தாள் அவள்.

ஐந்து பேருக்கும் ஒரேயடியாகக் கண் கெட்டுவிட்டதாமா?

பிப்ரவரி 9

நாடு முழுக்க கரண்ட் போச்சு. எங்கேயோ கரண்ட் ஸ்டேஷனுக்குள் குரங்கு பாய்ந்ததாம். இருட்டில் எல்லார் கண்ணும் சமம்.

பிப்ரவரி 15

கடைத்தெருவிலிருந்து ஜெயலெட்சுமி கறுப்பு நூல் வாங்கிவரச் சொன்னாள். வாங்கிவந்தேன். நூல்கட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது கறுப்பில்லங்க. கருநீலம்." போன மாதமும் இப்படித்தானாம். மறுபேச்சில்லாமல் தானே போய் மாற்றினாளாம்.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணக் காட்டிருவமா?" என்றாள்.

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாயிருக்கிறது.

பிப்ரவரி 16

தூக்கமில்லை. எழுதியாவது தீர்ப்போம்.

ஏன் கத்தினேன் என்று அவளுக்குத் தெரியும். தோட்டத்துக்கே தெரியும்.

2022 ஆகஸ்ட். எங்கள் ஸ்டோரில் மூன்று நாள் அரைத்த தேயிலையைக் கொழும்பு ஏலத்தில் மூன்று தடவை தொடர்ந்து தள்ளிவிட்டார்கள். பச்சை வாடை, பழுக்காத தேயிலை என்று தாள் வந்தது. அரைத்த கொழுந்தைப் பரப்பிவைத்தால் பச்சை மாறிச் செம்பு நிறம் ஏறும். ஏறின நிமிஷம் பார்த்து அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முன்னால் அனுப்பினால் பச்சை வாடை. பிந்தினால் சாயமே செத்துப்போகும். "அள்ளு" என்று சொல்கிறவன் நான். அள்ளிப்போடுகிற அறைக்குப் பொறுப்பு விஜேந்திரன்.

தோட்டத்து மானேஜர் தொரை விசாரித்தார். விஜேந்திரன் சொன்னான்: "ஐயா அள்ளச் சொன்னப்ப கொழுந்து பச்சையாத்தான் இருந்துச்சு." நான் சொன்னேன்: "நான் பார்த்தது செம்பு நிறம். நான் அந்தப் பக்கம் திரும்பினதும் இவன் நிறம் ஏறாத தட்டை அள்ளிப் போட்டிருக்கான்."

யாரை நம்புவது? கடைசியில் ஸ்டோர் வாசலில் ரோதைமுனி முன்னால் சூடம் ஏற்றினார்கள். மெஷினுக்குக் காவல் இருக்கிற சாமி அது. அதன் முன்னால் பொய் சொல்ல ஸ்டோர்க்காரன் எவனுக்கும் துணிச்சல் வராது. இரண்டு பேரும் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினோம். அவனும் பண்ணினான். நானும் பண்ணினேன். பொய்ச் சத்தியம் பண்ணினவனுக்குக் கண் போய்விடும் என்பது எங்கள் சனத்தின் பேச்சு. எல்லாரும் காத்திருந்தார்கள்.

தொரை, வேலையில் மூத்தவன் என்று என் பேச்சை எடுத்துக்கொண்டார். விஜேந்திரனை நிறுத்தினார்கள். வேலை போனதோடு லயத்து வீட்டையும் விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு லுணுகலைக்குப் போய்விட்டான்.

நான் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னேன். இப்போது நான் கண் ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்தால் தோட்டம் என்ன சொல்லும்? "பாத்தியா, ரோதைமுனி கேட்டிருச்சு."

அந்தப் பேச்சைக் கேட்பதற்குக் குருடனாகவே இருந்துவிடலாம்.

மார்ச் 3

ஜெயலெட்சுமி என்னைக் கேட்கவில்லை. பதுளை கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டாள். பஸ்ஸில் போனோம்.

இரண்டு கண்ணிலும் கண்புரை. வலது கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறதாம். "எவ்வளவு காலமா?" என்று டொக்டரைக் கேட்டேன். சின்னப் பெண், விதுர்ஷா வயசு. "இது மெதுவா வர்றது ஐயா. நாலு வருஷம், அஞ்சு வருஷம் இருக்கும். மெதுவா வர்றதால வர்றதே தெரியாது."

நாலு, ஐந்து வருஷம். பஸ்ஸில் திரும்பும்போது விரல் விட்டு எண்ணினேன். பிறகு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 8

வலது கண் ஒப்பரேஷன் முடிந்தது. வலியில்லை. கண்ணில் மூடி. புரொஜெக்டருக்கும் துணி போட்டு மூடியாயிற்று. இரண்டு பேருக்கும் ஓய்வு.

ஏப்ரல் 29

டொக்டர் கனமாக எதையும் தூக்காதே என்றாள், பார்க்காதே என்று சொல்லவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு இன்று மெஷினைப் போட்டேன். அரை மணி சூடாக விட்டேன். அதே கல்யாணப் படம்.

மையத்து.

எல்லாரும் மையத்து. மாப்பிள்ளை, மணப்பெண், ஐயர், குத்துவிளக்கு - எல்லாம் நீலத்தில் ஊறிக்கிடக்கிறது. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன்: படம் சரி. இடதை மூடி வலதால் பார்த்தேன்: நீலம். வெள்ளைச் சுவரை மட்டும் பார்த்தேன். புதுக் கண்ணுக்குச் சுவர் வெள்ளை. பழைய கண்ணுக்குச் சுவரில் யாரோ வெறும் தேத்தண்ணியை ஊற்றித் துடைத்த மாதிரி.

நீல டியூப்பில் ஒரு குறையும் இல்லை. ஹுமைத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேனே ஐயா" என்று சிரித்தான். சிரிக்கட்டும். தொண்ணூறை ஐம்பத்திநாலுக்கு இறக்கினேன். மணப்பெண் உயிரோடு வந்துவிட்டாள்.

ஜெயலெட்சுமியும் நானும் கடைசிவரை இருந்து பார்த்தோம். அவள் சாப்பாட்டுக் காட்சியில் அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது படத்தையல்ல.

சுவரையே இப்படிக் காட்டின கண், கொழுந்தை எப்படிக் காட்டியிருக்கும்?

மே 15

ஸ்டோருக்குப் போனேன். ரிட்டயர் ஆனபின் முதல் தடவை. "டீமேக்கர் ஐயா வந்திருக்காரு" என்று உட்காரக் கதிரை போட்டார்கள். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். ரோதைமுனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனேன். அந்த வாசம் மாறவில்லை.

பரப்பிய கொழுந்துத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். வலது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். இடது கண்ணுக்குப் பச்சை மாற ஆரம்பித்தது, மாறியது, செம்பு. என் வாய் தானாகவே "அள்ளு" என்று சொல்ல எழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கையை எடுத்து, வலது கண்ணால் பார்த்தேன்.

பச்சை. கொஞ்சநஞ்சப் பச்சை இல்லை.

அந்த நிமிஷத்தில் அந்தத் தட்டை போனில் ஒரு போட்டோ எடுத்தேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வலது கண்ணுக்கும் செம்பு வரும்வரை.

மே 16

இருபத்தைந்து நிமிஷம்.

மே 20

நாலு நாளாக ஜெயலெட்சுமியிடம் சொல்லவில்லை. இன்று சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்வதை நிறுத்தவில்லை.

"நான் பொய்ச் சத்தியம் பண்ணலடீ" என்றேன்.

"நீங்க பொய் சொல்லல. ஆனா அவன் சொன்னது மெய்."

நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய்ந்தேன்.

அடுத்த கண் ஒப்பரேஷன் ஜூன் 17. வெளியே சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் அறுபத்திரண்டு வயசு மரியாதை, "டீமேக்கர் ஐயா", போட்ட கதிரை. அந்தப் பக்கம் லுணுகலையில் ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறவன்.

மெய்யாகவே யோசித்தேன், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று. எழுதி வைக்கிறேன். யோசித்தேன்.

மே 24

இன்று இன்னொன்று உறைத்தது. பதினேழாம் திகதிக்குப் பிறகு இந்தப் பழைய கண் இருக்காது. நான் அன்றைக்கு என்ன பார்த்தேன் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி இந்த இடது கண். அதையும் கழற்றிவிட்டால் "எனக்கு அப்படித் தெரிந்தது" என்று வாயால் சொல்ல வேண்டியதுதான். வாய்ப்பேச்சை விஜேந்திரன் ஏன் நம்ப வேண்டும்?

கண்ணைக் கழற்றி அவனிடம் கொடுக்க முடியாது. ஆனால் நீலத்தைக் குறைக்க முடியும்.

ஹுமைத் லப்டொப்பிலிருந்து புரொஜெக்டருக்கு வயர் கொண்டுவந்து மாட்டித் தந்தான். ஸ்டோரில் எடுத்த போட்டோவைச் சுவரில் போட்டேன். மெஷினில் இரண்டு அமைப்பைச் சேர்த்து வைக்கலாம், ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றாம் நம்பரில் சரியான நிறம்: ஜெயலெட்சுமியும் என் வலது கண்ணும் ஒத்துக்கொண்ட நிறம். அதை இடது கண்ணால் பார்ப்பது. பிறகு இரண்டாம் நம்பருக்குப் போய், வலது கண்ணால் பார்த்துக்கொண்டே நீலத்தை இறக்குவது, அதே மாதிரி ஆகும்வரை. திரும்பவும் ஒன்று, இடது கண். திரும்பவும் இரண்டு, வலது கண்.

மே 29

ஐந்து நாள். இதைவிட நுணுக்கமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. நீலம் 22. பச்சை 47. சிவப்பைத் தொடவில்லை. இரண்டு கண்ணும் இப்போது ஒரே கொழுந்தைப் பார்க்கின்றன.

மே 31

லுணுகலை. மூன்று பஸ். கடை வாசலில் விஜேந்திரன் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது, நாற்பத்தைந்துகூட இருக்காது. என்னைப் பார்த்தான். தராசில் கண்ணை வைத்துக்கொண்டே, "என்னங்க ஐயா" என்றான்.

"வீட்டுக்கு வந்து ஒண்ணு பாக்கணும்" என்றேன். "அந்த ஆகஸ்ட் விஷயம்."

"அது முடிஞ்சு போச்சுங்க."

"முடியல."

ஆணியைத் தாளில் சுற்றினான். வாங்க வந்தவருக்குக் கொடுத்தான். மிச்சம் கொடுத்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று என்ன இருக்கிறது? கடைசியில், "போயாவுக்குக் கடை பூட்டு. அன்னைக்கு வர்றேன்" என்றான். இந்தப் பௌர்ணமி லீவு ஜூன் பத்து.

ஜூன் 10, பொசொன் போயா

வந்தான். பெண்டாட்டி சுபாஜினியையும் கூட்டிவந்தான். அந்தப் பெண் வாசற்படியிலேயே கேட்டாள்: "இன்னும் என்னங்க பாக்கி இருக்கு? வேல போச்சு, வீடு போச்சு. எம்புள்ள பள்ளிக்கூடம் மாறிப் போச்சு." ஜெயலெட்சுமி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். தேத்தண்ணி வைத்தாள். இரண்டு பேரும் தொடவில்லை.

மெஷினைப் போட்டேன். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"சூடாகாம காட்டுனா அது பொய்."

மூடிய அறையில் நாலு பேரும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில்தான் சொன்னேன். கண்புரை, ஒப்பரேஷன், ஸ்டோர், இருபத்தைந்து நிமிஷம். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவன் முகத்தைப் பார்த்தால் வராது.

பிறகு இரண்டாம் நம்பரைப் போட்டேன். சுவர் முழுக்கக் கொழுந்து.

"விஜேந்திரா, இத என்ன பண்ணணும்?"

எழுந்து சுவர்ப் பக்கம் போனான். மூன்று வருஷம் ஆணி நிறுத்தவன், அந்த ஒரு நிமிஷத்தில் ஸ்டோர்க்காரனாகிவிட்டான். தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். "நிறம் ஏறிருச்சுங்க. அள்ளணும்."

ஒன்றாம் நம்பர் பொத்தானை அழுத்தினேன். நீலம் வந்து சேர்ந்தது. கொழுந்து பச்சையாகிவிட்டது.

"இதான் நீ பாத்தது" என்றேன். "அதுதான் நான் பாத்தது. ரெண்டும் ஒரே தட்டு."

ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கினான். இரண்டு. ஒன்று. இரண்டு. ஒன்று. எத்தனை தடவை மாற்றினான் என்று தெரியாது. சுபாஜினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க வேணும்னு சொல்லல" என்றான்.

"இல்ல."

"மூணு வருஷமா உங்களக் கருவிக்கிட்டே இருந்தேங்க. காலையில எந்திரிச்சதும் அதான். இப்ப அதுவும் இல்லன்னு ஆக்கிட்டீங்க."

என்னை மன்னித்துவிட்டான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று சொல்கிற குரலில் கேட்டான்:

"பச்சையா இருக்குங்க ஐயா, இன்னும் கொஞ்சம் விடுவோம்னு மூணு நாளும் சொன்னேனே. கண்ணு கெட்டது உங்க குத்தமில்லீங்க. காது நல்லாத்தானே இருந்துச்சு?"

ஜூன் 11

காது நல்லாத்தான் இருந்தது.

கேட்டது. மூன்று நாளும் கேட்டது. "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஒரேயொரு தடவை இன்னொருவனைக் கூப்பிட்டு, "நீ பாத்துச் சொல்லுடா" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அதோடு அவன் தட்டை மாற்றினான் என்று வேறு சொன்னேன். அதை நான் கண்ணால் காணவில்லை. நானாகக் கட்டிக்கொண்டது. அதற்குத்தான் சூடம் அணைத்தேன்.

அப்படிப் பார்த்தால், அது என்ன சத்தியம்?

ஐயோ. மனசு பொறுக்கமாட்டேங்குது.

ஜூன் 13

தொரைக்குக் கடிதம். நாலு தடவை கிழித்து எழுதினேன். முதல் மூன்றிலும் என் கண் நோய்தான் பெரிசாக இருந்தது. நாலாவதில் கண்ணுக்கு இரண்டு வரி. மீதி எல்லாம் திரு. விஜேந்திரன் சொன்னதும் நான் கேட்காததும், காணாததைக் கண்டதாக நான் சொன்னதும். டொக்டர் கொடுத்த தாளையும் சேர்த்து வைத்தேன். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தொரை படித்தார். திரும்பப் படித்தார். "இப்ப ஏன் மிஸ்டர் வைரவநாதன்?" என்றார். இப்போதுதான் தெரிந்தது என்றேன்.

ஜூன் 17

இடது கண்ணும் முடிந்தது. சாட்சிக்காரன் போய்விட்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஜூலை 11

இன்று ஸ்டோரில் ரோதைமுனிக்குப் பூசை. எல்லா ஷிப்ட்டும் கூடியிருந்தது. நான் கேட்டுக்கொண்டபடி தொரை என்னைப் பேசவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் பண்ணின சத்தியத்தில் நான் காணாததையும் சேர்த்துச் சொன்னேன், விஜேந்திரன் சொன்னதெல்லாம் மெய் என்றேன். அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

பின்னால் நின்ற ஒரு பொம்பளை, குரலைக்கூடக் குறைக்காமல், "அதான் கண்ணு போச்சு" என்றாள்.

சொல்லட்டும். அந்தப் பேச்சுக்குத்தானே இத்தனை காலம் பயந்தேன். கேட்டும்விட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஜூலை 26

விஜேந்திரன் போன். "கடிதம் வந்துச்சுங்க. ஒண்ணாம் திகதியிலருந்து வரச் சொல்லியிருக்காங்க. பழைய எடமே."

"சந்தோசம்" என்றேன்.

"சரிங்க."

வைத்துவிட்டார். நன்றி சொல்லவில்லை. அவர் ஏன் சொல்ல வேண்டும்? இருந்தாலும் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3

ஹுமைத் குடும்பம் வந்திருந்தது. அரை மணி சூடாக்கி, அதே கல்யாணப் படம் போட்டேன். ஹம்ஸியா, "அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க" என்றாள். பிள்ளைகள் சிரித்தன, நானும் சிரித்தேன்.

பாதிப் படத்தில் ஜெயலெட்சுமி பக்கத்தில் குனிந்து, "இடது பக்கம் கீழ சிவப்பு கொஞ்சம் வெலகியிருக்குங்க" என்றாள்.

பார்த்தேன். இரண்டும் புதுக் கண். எனக்கு ஒன்றும் விலகித் தெரியவில்லை. கோடு கோட்டின்மேல் இருக்கிறது.

படத்தை நிறுத்தி, கட்டத்தைப் போட்டேன். "எந்தப் பக்கம் போகணும், சொல்லு" என்றேன். கொஞ்சம் உள்ளே என்றாள். ஒரு புள்ளி நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். இன்னொரு புள்ளி. "ஆங், இப்ப சரி."

எனக்கு அப்போதும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.